கிளாடிஸ் மிஸ்ஸின் நோயாளி

கிளாடிஸ் மிஸ்ஸை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பாசம் அதற்குப் பிறகுதான். இரண்டும் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு, 'வைதேகிக்கு அந்தம்மாவைக் கண்டாலே ஆகாது' என்று யாரும் கிளப்பிவிடக் கூடாது.

நாங்கள் இருவரும் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறோம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆசைப்படும் நர்சுகளை அதற்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. எழுத்துப் பகுதி எனக்கு, பேச்சுப் பகுதி அவருக்கு. கீழே கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே ஒரு அறை நிறையப் பெண்கள் உட்கார்ந்து, புருஷன் செத்துப்போனதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஆங்கிலத்தில் பழகிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு ஆங்கில வார்த்தைகளைக் கண்டால் கிளாடிஸ் மிஸ் சும்மா விடமாட்டார். பலகையில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு கோடு போடுவார். 'பெயின்' ஒரு பக்கம், 'ஏக்' ஒரு பக்கம். பெயின் சுருக்கென்றும் வரும். ஏக் விடாமல் கிடந்து வலிக்கும். 'அஃப்ரைட்' ஒரு பக்கம், 'சாரி' ஒரு பக்கம். கெட்ட செய்தியைத் தொடங்கும்போது முன்னது, சொல்லி முடித்த பிறகு பின்னது. “மொதல்லயே சாரி சொன்னேன்னு வெச்சுக்கோ, நீதான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க” என்பார். அவர் ரொம்பக் கறாராக இருந்தது 'கியூர்', 'ட்ரீட்', 'மேனேஜ்' என்ற மூன்றில். கியூர் என்றால் நோய் போய்விடும். ட்ரீட் என்றால் வைத்தியம் நடக்கும், நோய் போகுமா என்பது வேறு விஷயம். மேனேஜ் என்றால் நோய் போகாது, இருக்கிற நாளை வலி தெரியாமல் ஓட்டலாம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் அது நோயாளிக்குச் சொல்லும் பொய் என்று அடித்துச் சொல்வார். நானே பலமுறை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன்.

அவர் கணவர் ராஜநாயகம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நந்தனம் மைதானத்தில் பையன்களை விரட்டி விரட்டியே கட்டிப்போன தொண்டை. சாந்தோமில் பரம்பரை வீடு. பங்குக் கோயிலில் தேர் இழுப்பதிலிருந்து பந்தல் பிரிப்பது வரை எல்லா வேலையிலும் முன்னால் நிற்பவர். தேர்வு நெருங்கும்போது கிளாடிஸ் மிஸ் மாணவிகளை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லுவார். அங்கே மாஸ்டர்தான் நோயாளி. கூடத்துப் பிரம்பு நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு வாரம் மாரடைப்பு, ஒரு வாரம் சிறுநீரகக் கோளாறு. பெண்கள் ஒவ்வொருவராக எதிரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அவருக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மனிதர் நடிப்பில் கஞ்சத்தனமே காட்டமாட்டார். நெஞ்சைப் பிடிப்பார், மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிப்பார், காது கேட்காதவர்போல் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். கடைசியில் அவரே மார்க் போடுவார். அந்தப் பெண்களில் பலர் இப்போது அயர்லாந்தில் இருக்கிறார்கள், இன்றைக்கும் மாஸ்டரைத்தான் விசாரிக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரே பெண், டீனா. மகேஷ் என்கிற இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அடையாறில் இருக்கிறாள். கோயிலில் தாலி ஏறாததைக் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஒரு கிறிஸ்மஸுக்குக் கேக்கோடு வந்தவளை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார். அதன் பிறகு அவள் வரவில்லை. அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி. சாந்தோமுக்கும் அடையாறுக்கும் நடுவில் என்ன பெரிய தூரம் இருக்கிறது, பட்டினப்பாக்கம் தாண்டிப் பாலம் ஏறினால் அடையாறு. ஆனால் இரண்டு பக்கமும் வீம்பு. அப்பாவே கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவள். தானாக வரட்டும் என்று அவர்.

இந்த நிலையில் மாஸ்டருக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு வற்றிப்போனது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வழக்கப்படி அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு மனைவியை மட்டும் வெளியே கூப்பிட்டார். நம் ஊரில் யாருக்கு நோயோ அவருக்குத்தான் அது கடைசியில் தெரியும். பல பேருக்குத் தெரிவதே இல்லை. கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் போய்விட்டது, கியூர் கிடையாது, மேனேஜ் பண்ணலாம் என்றார் டாக்டர். அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்டியே சம்பளம் வாங்கிய கிளாடிஸ் மிஸ் உள்ளே போய் என்ன சொன்னார் தெரியுமா? “வயித்துல கொஞ்சம் வீக்கமாம். மருந்துல சரியாயிடுமாம்.” ஆங்கிலத்தில் வீக்கத்திலிருந்து புற்றுநோய் வரை எத்தனை வார்த்தைகள் உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அதில் ஆகக் கீழ்ப்படியில் இருந்த ஒன்றைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்தார்.

மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன்.

“நீங்க சொல்லியே ஆகணும் மிஸ். மறைச்சு வெச்சுண்டு என்ன பண்ணப்போறேள்?”

“உங்களுக்கு அவரைத் தெரியாது வைதேகி மிஸ். தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவாரு. பயத்துலயே போயிடுவாரு.”

“அப்போ டீனாகிட்டயாவது சொல்லுங்கோ. அவ வந்து பார்த்துட்டுப் போகட்டும்.”

“அவ மூஞ்சில எதுவும் நிக்காது. ஓடி வந்து காலைப் புடிச்சிக்கிட்டு அழுவா. அவரு அடுத்த நிமிஷம் கண்டுபிடிச்சிடுவாரு.”

ஆக, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பெண்ணுக்கும் தெரியக்கூடாது. டீனாவிடம் “அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல” என்று மட்டும் சொன்னார். அவளும் “பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டாள். பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதலைக் கொடுத்துவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அந்த எண்ணெயைப் பார்த்தாலே மாஸ்டருக்குப் புரிந்துவிடும் என்று கிளாடிஸ் மிஸ் அதையும் வேண்டாமென்றார். சாமியார் சும்மா பார்க்க வந்தவர்போல் காபி குடித்துவிட்டு, வெறும் கையால் ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் என்ன நினைத்தார்? எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக அடையாறு போகப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். இதுதான் எங்களை வதைத்தது. “கிறிஸ்மஸுக்கு நானே போயி கூட்டியாறேன் கிளாடிஸ். போனாப் போவுது, புள்ளதானே.” கிளாடிஸ் மிஸ் இதை என்னிடம் சொன்ன அன்று, புற்றுநோய் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் அந்த மனிதர் அன்றைக்கே மகளைக் கூப்பிடுவார் என்று எங்கள் இருவருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. டாக்டர் கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்காது என்று சொல்லியிருந்தார். சொல்ல வேண்டும், அதுவும் உடனே. ஆனால் வாய் வரவில்லை அந்த அம்மாவுக்கு. மூன்று முறை மாஸ்டர் எதிரில் போய் உட்கார்ந்து, கஞ்சி ஆறிப்போயிடும் குடிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாராம்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தான் சொல்ல முடியாததைத் தன் மாணவியை வைத்துச் சொல்லலாம் என்று. இசக்கியம்மாள் என்று தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறவள், வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம்.

“தமிழ்ல எனக்கு வராது மிஸ்” என்றாள். “எங்க வார்டுல நோயாளிகிட்ட யாரும் சொல்லுததே இல்ல. வீட்டு ஆளுவகிட்டதான் சொல்லுவோம். நீங்க சொல்லிக்கொடுத்தபடி இங்கிலீஷ்ல வேணும்னா சொல்லுதேன்.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. செத்துப்போகப் போகிறாய் என்பதைத் தாய்மொழியில் சொல்லத் துப்பில்லாமல் ஆங்கிலத்தில் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டேன். கிளாடிஸ் மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். முதலில், இது பாடம் இல்லை சார் என்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று முடிவானது. இசக்கியம்மாளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். ஆகையால் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

நானும் கூடப் போனேன். மாஸ்டர் அதே பிரம்பு நாற்காலியில், அதே போர்வையில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. இசக்கியம்மாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாம்மா நர்சம்மா! எத்தினி நாளாச்சு. இன்னிக்கு எனக்கு இன்னா வியாதி?”

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். 'இது பாடம் இல்லை' என்ற வார்த்தை வரவே இல்லை. அவள் கிளாடிஸ் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். கிளாடிஸ் மிஸ் சமையலறை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். இசக்கியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, வகுப்பில் பழகியபடி அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, ஆங்கிலத்தில் தொடங்கினாள். நடந்த பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்டாள். வயிற்றில் வீக்கம், மருந்தில் போய்விடும் என்றார் மாஸ்டர். 'அஃப்ரைட்' என்று முறைப்படி தொடங்கி, அது வீக்கம் இல்லை, புற்றுநோய் என்றாள். கணையத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்டது என்றாள். ஒவ்வொன்றும் அவருடைய ஸ்கேனில் இருந்தது. மாஸ்டர் நெஞ்சில் கை வைத்து, மேலே பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார். எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

குணமாகுமா என்று கேட்டார். ஆகாது, வலியைக் குறைக்கலாம் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார். சில வாரங்கள் இருக்கலாம் என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. தேர்வில் அந்தப் பெண்ணுக்கு முழு மார்க் கிடைத்திருக்கும்.

பிறகு அவள், நீங்கள் யாரையாவது பார்க்க விரும்புகிறீர்களா, நாங்கள் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள். மாஸ்டர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றார். பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளைக் கூப்பிடுங்கள். அவளிடம் சொல்லுங்கள், அப்பா 'ஆங்ரி' இல்லை. 'ஹர்ட்'. இரண்டும் வேறு. என் மனைவியைக் கேட்டால் வித்தியாசம் சொல்லுவாள்.

இசக்கியம்மாள் அதற்கு மேல் தாங்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாஸ்டர் பதறிப்போனார்.

“ஏம்மா, இன்னாம்மா இது! நான் சும்மா நடிச்சேம்மா. இதுக்குப் போயி அழுவுறியே. எக்ஸாம்ல இப்டி அழுதீன்னா மார்க் போயிடும். இல்ல கிளாடிஸ்?”

அவர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, அவள் சொன்னதெல்லாம் நிஜம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கோ மிஸ், இப்ப சொல்லுங்கோ.

“ஆமா” என்றார் கிளாடிஸ் மிஸ். “அழக்கூடாது.”

மாஸ்டர் அவளுக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டார்.

பஸ் நிறுத்தத்தில் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட பள்ளத்தை வெறித்தபடி இசக்கியம்மாள் நின்றாள். “நான் சொல்லிட்டேன் மிஸ்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருதான் கேக்கல.” அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நானும் மாம்பலத்துக்குப் போனேன்.

மறுநாள் இடைவேளையில் மாடிப்படியில் நின்று கிளாடிஸ் மிஸ் டீனாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“அப்பா உன்ன கேட்டாரும்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

“அவரே கூப்பிடச் சொன்னாரா?”

“ஒரு மாதிரி சொன்னாரு.”

“ஒரு மாதிரின்னா என்னம்மா? போன தடவ மாதிரி தெருவே வேடிக்க பாக்க நிக்கச் சொல்றியா? அவர்கிட்ட போனைக் குடு, அவர் வாயால வான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், மகேஷையும் கூட்டிட்டு வரேன்.”

சரி என்று சொல்லி அன்று மாலை மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். டீனாவைக் கூப்பிடவா, ஒரு வார்த்தை பேசுறீங்களா என்று. மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டார். “இப்டி படுத்துக்கினு கீறப்ப கூப்ட்டா அப்பன் சாவப்போறான்னு நெனச்சிக்கும் புள்ள. பயந்துடும். நான் எழுந்து நடந்து போயி அது வூட்டுக் கதவைத் தட்டணும். அதான் மரியாத.” கிளாடிஸ் மிஸ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பார் அல்லவா?

மழைக்காலம் தொடங்கியதும் அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. தப்பிய பிறகு சாமியாரைக் கூப்பிட்டுப் பூசுதல் கொடுத்தார்கள். இனி எண்ணெயைப் பார்த்தாலும் அவருக்குத் தெரியாதே. டீனாவுக்கும் அப்போதுதான் சீக்கிரம் வா என்று போன் போனது. அவளும் மகேஷும் வந்து சேர்வதற்குள் போய்விட்டார்.

நான் போனபோது கூடத்தில் குளிர்பெட்டி வைத்திருந்தார்கள். மகேஷ் மழையில் நனைந்தபடி வாசலிலேயே நின்றான். உள்ளே வாப்பா என்று அவனை யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். டீனா பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு அம்மாள், பாவம், தன் பங்குக்கு ஆறுதல் சொன்னாள். “ஆறு மாசமா பட்ட பாட்டுக்கு இது விடுதலம்மா. கேன்சர் இன்னா சாமானியமா?”

டீனா திரும்பினாள். “ஆறு மாசமா?”

அவள் அம்மாவிடம் வந்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

கிளாடிஸ் மிஸ் தலையசைத்தார்.

“அப்பாவுக்கு?”

“உன்மேல கோவம் இல்லன்னு சொன்னாரு டீனா” என்றார் கிளாடிஸ் மிஸ் அவசர அவசரமாக. “சத்தியமா சொன்னாரு. மனசு வலிச்சுதுன்னுதான் சொன்னாரு. உன்னக் கூப்பிடச் சொன்னாரு.”

“யார்கிட்ட சொன்னாரு?”

டியூட்டி உடுப்போடு ஓடிவந்து சுவரோரம் நின்றிருந்த இசக்கியம்மாளைக் கிளாடிஸ் மிஸ் காட்டினார். “என் ஸ்டூடன்ட். ஞாயித்துக்கெழம வந்தப்ப...”

டீனா அந்த வீட்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா?

“பாடத்துலயா?” என்றாள். “அப்பா அத நடிச்சாராம்மா, இல்ல நெஜமாவே சொன்னாரா?”

கிளாடிஸ் மிஸ் இசக்கியம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

“தெரியல” என்றார்.

“சாகப்போறாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, வாசல்ல நிக்க வெச்சாலும் நின்னிருப்பேன். நானே அவர்கிட்ட கேட்டிருப்பேனேம்மா.”

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. போய் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். கிளாடிஸ் மிஸ் அவள் பக்கத்தில் உட்காரக் குனிந்தார். டீனா திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி அவரைத் தடுத்துவிட்டாள்.